படகு எக்கோல மீன் கூட்டம் தெரியும், என்ன மீனுன்னு தெரியுமா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். பாம்பன்ல இருந்து எழுதுறேன். விசைப்படகுகளுக்கு கணக்கு எழுதுறது என் பொழப்பு, இருபது வருசத்துக்கு மேல உங்க பேப்பர்தான் வாங்குறேன், டீக்கடைல ஓசில ஒருக்கா படிச்சுட்டு வீட்டுக்கும் ஒண்ணு காசு கொடுத்து வாங்கிட்டுப் போற ஆளு, அதனால கொஞ்சம் உரிமையோடதான் எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

சில மாசத்துக்கு முன்னாடி உங்க மருத்துவப் பக்கத்துல இதயத் தசை அழற்சி பத்தி அரைப் பக்கம் வந்துச்சு, டாக்டருங்க மயோகார்டைட்டிஸ்னு சொல்றது. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, காய்ச்சலுக்குப் பின்னாடி வர்ற நெஞ்சுவலிய அசட்டையா விடாதீங்கன்னு சொன்னதெல்லாம் சரி. ஆனா கடைசில கட்டம் போட்டு கொட்டை எழுத்துல, எம்ஆர்ஐ ஸ்கேன் வந்துட்டதால இதயத்துல சதைய எடுத்துப் பாக்குற பயாப்சிக்கு இனி வேலையே இல்லைங்கிற மாதிரி ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டரு. அந்த கட்டத்த மட்டும் யாரோ போட்டோ புடிச்சு எங்க படகு வாட்சப் குரூப்புல போட்டு விட்டுட்டாங்க, அதனால எங்க பக்கத்து வீட்டுல ரெண்டு நாள் வீணாப் போச்சு. சாதாரண ரெண்டு நாள் இல்ல.

முதல்ல என் தங்கச்சி மகன் கதைய சொல்லிடுறேன், ஏன்னா நானும் எம்ஆர்ஐய குறை சொல்ல வந்தவன் இல்ல. மருமகனுக்கு வயசு 24, கீழக்கரை பக்கம் சங்கு குளிக்கப் போறவன். போன மாசி மாசம் காய்ச்சலும் வயித்தால போறதுமா நாலு நாள் கெடந்தான், ஊசி போட்டுட்டு எந்திரிச்சுட்டான். எட்டாம் நாள் கடலுக்குப் போனவன் ரெண்டு முங்கு முங்கிட்டு மூணாவதுக்கு வள்ளத்த புடிச்சுக்கிட்டு ஏற மாட்டாம தொங்குனானாம், நெஞ்சுல அம்மிக்கல்ல தூக்கி வச்ச மாதிரி இருக்குன்னு. பக்கத்துல ஒரு இடத்துல காட்டுனா கேஸ்னு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. ராத்திரி மறுபடியும் வலி, ராமநாதபுரத்துக்கு தூக்கிட்டுப் போய் ஈசிஜி எடுத்தா கோடு மாறியிருக்கு, இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கூடுற ட்ரோபோனினும் டெஸ்டுல கூடுதல், 24 வயசுப் பையனுக்கு மாரடைப்பான்னு என் தங்கச்சி தரையில உக்காந்துருச்சு. 108ல ஏத்தி மதுரை. அங்க ஆஞ்சியோ பண்ணிட்டு டாக்டர் வெளிய வந்து ரத்தக்குழாய் கண்ணாடி மாதிரி இருக்கு, அடைப்பு கிடப்பு ஒண்ணும் இல்லன்னார். சந்தோசப்படுறதா பயப்படுறதான்னு எங்களுக்குத் தெரியல, அடைப்பு இல்லன்னா அப்புறம் எதுக்கு வலிக்குது? இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் பாத்தா பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளிய தள்ளுற ரத்தத்தோட பங்கு, 45 சதவீதம்தான்.

அஞ்சாம் நாள் எம்ஆர்ஐ. கழுத்து ஜெபமாலைய, இடுப்புல கெடந்த வெள்ளி அரணாக்கொடிய எல்லாம் கழட்டி என் கையில கொடுத்துட்டு உள்ள போனான். முக்கா மணி நேரத்துக்கு மேல ஆச்சு. உள்ள மைக்குல மூச்ச விடுங்க, நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொரு படத்துக்கும் பத்து பதினஞ்சு செகண்டு மூச்ச அடக்கணும், இல்லன்னா இதயம் ஆடி படம் கலங்கிப் போகும். கடலுக்கு அடியில ஒரு நிமிசத்துக்கு மேல மூச்சடக்கி சங்கு பொறுக்குற பய, அன்னைக்கு பத்து செகண்டு அடக்க மாட்டாம ரெண்டு தடவ திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு. வெளிய வந்து என் மூஞ்சிய பாக்கல, அரணாக்கொடிய வாங்கி கட்டிக்கிட்டு மாமா போவோமான்னான், அவ்வளவுதான்.

அந்த ஸ்கேன் என்ன பண்ணுதுன்னு டாக்டர் படத்த வச்சுக்கிட்டு சொன்னார், அப்புறம் மதுரைல கார்டியாக் டெக்னாலஜி படிக்கிற என் மூத்த மக எனக்குப் புரியிற மாதிரி திரும்பச் சொல்லிச்சு. அழற்சின்னா தசையில நீர் கோத்து வீங்கும், டி2ன்னு ஒரு வகைப் படத்துல அந்த நீர் வெளுப்பா காட்டும். அப்புறம் நரம்புல கடோலினியம்னு ஒரு மருந்த ஏத்திட்டு பத்து நிமிசம் போல கழிச்சு படம் எடுப்பாங்க, நல்ல தசையில அந்த மருந்து தங்காம ஓடிரும், செத்துப்போன செல்லு, தழும்பு இருக்கிற எடத்துல மட்டும் தேங்கி நிக்கும், அது வெள்ளைக் கோடா தெரியும். மாரடைப்புன்னா அந்த வெள்ளை இதயச் சுவரோட உள் விளிம்புல தொடங்கி வெளிப்பக்கமா வரும், எந்த ரத்தக்குழாய் அடைச்சதோ அதோட எல்லைக்குள்ளதான் இருக்கும். என் மருமகனுக்கு வெளி விளிம்புல, இடது பக்கவாட்டுச் சுவர்ல திட்டுத் திட்டா, எந்தக் குழாயோட எல்லைக்கும் பொருந்தாம இருந்துச்சு. அதப் பாத்த உடனே மாரடைப்பு இல்ல, மயோகார்டைட்டிஸ்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. கத்தியும் படல, ரத்தமும் சிந்தல.

இதுக்கு லேக் லூயிஸ் விதின்னு பேராம், கனடால ஏரிக்கரைல இருக்கிற ஒரு ஊரு பேரு. 2009ல வந்த விதி, 2018ல மாத்தி எழுதுனாங்க, இப்ப வீக்கத்துக்கு டி2 வகையில ஒரு அடையாளம், செல் பாதிப்புக்கு டி1ங்கிற இன்னொரு வகைப் படத்துல ஒரு அடையாளம், ரெண்டும் சேந்து இருந்தா உறுதியா அழற்சின்னு சொல்லலாம்னு வச்சிருக்காங்க. நெஞ்சுவலியோட, மாரடைப்பு மாதிரியே வர்றவங்களுக்கு இந்த ஸ்கேன் நல்லா புடிச்சுக் கொடுக்குது. மருமகன் தானா தேறிட்டான், மூணு மாசத்துல பம்பிங் நேரா வந்துருச்சு, பயாப்சிங்கிற பேச்சே யாரும் எடுக்கல, எடுக்கத் தேவையும் இல்ல. ஆறு மாசம் கடல்ல முங்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாதுன்னு மட்டும் கண்டிசன், தழும்பு ஆறாம இருக்கையில மூச்சுமுட்ட வேலை பாத்தா இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆளையே கொண்டு போயிருமாம். அந்த ஆறு மாசம் அவன் பாலத்துல நின்னு கடலப் பாத்துக்கிட்டு இருந்தத பாத்தவன் நான்.

இதுவரைக்கும் உங்க கட்டுரை சொன்னது சரிதான். இனிமேதான் விசயம்.

பக்கத்து வீட்டு அக்கா, வயசு 38, கடல்பாசி எடுக்கப் போறவங்க. கண்ணுல கண்ணாடி, கால்ல தகரத்தட்டு கட்டிக்கிட்டு இடுப்பளவு கழுத்தளவு தண்ணில முங்கி முங்கி எடுக்குற வேலை, இந்தக் கரையில இருக்கிறவங்களுக்கு சொல்லத் தேவையில்ல. அவங்களுக்கு நெஞ்சுவலியே இல்ல. ரெண்டு வாரமா மேமூச்சு கீழ்மூச்சு வாங்குது, படுத்தா மூச்சு முட்டுது, கால் வீங்குது, உப்புக் காத்துக்கு ஆஸ்துமான்னு நினைச்சு கசாயம் குடிச்சிருக்காங்க. ஒரு நாள் வாசல்ல கோலம் போடையில அப்படியே சாஞ்சுட்டாங்க. கொண்டு போனா நாடி நிமிசத்துக்கு முப்பத்தஞ்சு, ஹார்ட் பிளாக் (ரத்தக்குழாய் அடைப்பு இல்ல, இதயத்த துடிக்க வைக்கிற மின்சாரம் தடைபடுறது), பிரசர் இல்ல. மதுரைக்கு கொண்டு போய் தொடை வழியா தற்காலிக பேஸ்மேக்கர் வயர் சொருகி வச்சாங்க. எக்கோல பம்பிங் 25 சதவீதம்.

இப்ப சொல்லுங்க, இவங்கள எப்படி எம்ஆர்ஐக்குள்ள தள்ளுறது? இதயத்துக்குள்ள தற்காலிக வயர் கெடக்கு, காந்தத்துக்குள்ள அதோட போக முடியாது. மல்லாக்க படுக்க முடியல, மூச்ச அடக்குற நிலைமையும் இல்ல. பிரசருக்கு மருந்து ஓடிக்கிட்டு இருக்கு, முக்கா மணி நேரம் குழாய்க்குள்ள படுக்க வச்சா திரும்ப உசுரோட எடுப்போமான்னு தெரியாது. டாக்டர் வெளிய வந்து பயாப்சி பண்ணணும், இன்னைக்கே பண்ணணும், கையெழுத்து போடுங்கன்னார்.

அந்த வீட்டு மச்சான் போன எடுத்து உங்க பேப்பர் கட்டத்த காட்டுனார். பேப்பர்லயே போட்டுருக்கு சார் பயாப்சி தேவையில்லன்னு, ஸ்கேன் எடுங்க, காசு பாக்கத்தான அறுக்கணுங்கிறீங்கன்னு கேட்டுட்டார். அந்த டாக்டர் சின்னப் பையன், பாவம், கோவப்படாம அரை மணி நேரம் சொன்னார். சொந்தக்காரங்க ஆளுக்கு ஒரு பக்கம், இதயத்துல சதைய வெட்டுனா பொழைப்பாளான்னு மாமியார் அழுகை, வேற இடத்துக்கு கொண்டு போவோம்னு கொழுந்தன், இப்படியே ஒரு ராத்திரி, மறுநாள் பகல், இன்னொரு ராத்திரி. நானும் அங்கதான் இருந்தேன். எனக்கும் அப்ப ஒண்ணும் தெரியாது, என் மருமகனுக்கு ஸ்கேன்லயே தெரிஞ்சுச்சே, இவங்களுக்கு மட்டும் எதுக்குன்னு நானும்தான் கேட்டேன், அத மறைக்கல.

என் மக போன்ல சொன்ன ஒரு வார்த்தைலதான் எனக்கு உறைச்சுச்சு. அப்பா, நம்ம படகுல மீன் பாக்குற எக்கோ கருவி இருக்குல்ல, அதுல கூட்டம் தெரியும், எத்தன பாகம் ஆழத்துல நிக்குதுன்னு தெரியும், அது சாளையா காரலா, இல்ல சொறிங்கிற ஜெல்லிமீனான்னு சொல்லுமா? மடி வலைய இறக்கி ஏத்துனாத்தான தெரியும்னு கேட்டுச்சு. ஆமாய்யா, எத்தனையோ தடவ திரை பூரா கூட்டம்னு மடிய இழுத்து பாத்தா டன் கணக்குல சொறி வந்து மடியே கிழிஞ்ச கதை என் கணக்கு நோட்டுலயே இருக்கு. எம்ஆர்ஐயும் அப்படித்தான், தசை வீங்கியிருக்கு, இந்த எடத்துல செத்திருக்குன்னு காட்டும். வீங்க வச்சது யாருன்னு சொல்லாது. சாதா வைரஸுக்குப் பின்னாடி வர்ற லிம்போசைட் அழற்சியா, ஈசினோபில் அழற்சியா (ரெண்டும் ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு வகை), சார்காய்டுங்கிற கட்டி கட்டியா வர்ற அழற்சியா, ஜெயன்ட் செல்லுங்கிற பெரிய பெரிய செல்லு சேர்ற அழற்சியா, எல்லாத்துக்கும் சதைய மைக்ராஸ்கோப்ல வச்சுத்தான் பாக்கணும். வைரஸ் அந்தத் தசைக்குள்ள இருக்கா இல்லையான்னு பாக்கவும் அந்தத் துண்டுலதான் பிசிஆர்ங்கிற மரபணு டெஸ்ட் பண்ணணும்.

மருந்து மாறுமான்னா, சுத்தமா மாறும். சாதா வைரஸ் அழற்சி பெரும்பாலும் ஓய்வு, இதயத்துக்கான மருந்துன்னு தானா அடங்கும். ஈசினோபில்னா ஸ்டீராய்டு உடனே ஆரம்பிக்கணும். ஜெயன்ட் செல்லுன்னா உடம்போட எதிர்ப்புசக்தியே இதயத்த தின்னுது, ஸ்டீராய்டோட சைக்ளோஸ்போரின் மாதிரி மருந்து சேத்து அடக்கணும். அது ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா வேகம். 1997ல 63 பேர வச்சு வந்த ஆய்வுல, அறிகுறி தொடங்குனதுல இருந்து சாவோ இதய மாற்று ஆபரேசனோ வர்ற வரைக்கும் சராசரி நோயாளிக்கு அஞ்சரை மாசம்தான் கெடச்சிருக்கு. அந்த மருந்துகள சேத்துக் கொடுத்தவங்களுக்கு 12 மாசத்துக்கு மேல, ஒண்ணும் கொடுக்காதவங்களுக்கு 3 மாசம். இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது கடுகளவு சதைதான்.

கடுகளவுன்னு சும்மா சொல்லல. மூணாம் நாள் காலைல மச்சான் கையெழுத்து போட்டார், பண்ணி முடிச்சு வந்தப்ப அந்த பாட்டில என் கண்ணால பாத்தேன், ஃபார்மலின் தண்ணிக்கு அடியில வெளிறிப்போன துணுக்கு அஞ்சாறு, ஒவ்வொண்ணும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். இதுக்காடா ரெண்டு நாள் சண்டை போட்டோம்னு இருந்துச்சு. நெஞ்ச பொளக்குறதெல்லாம் கிடையாது. கழுத்து நரம்புலயோ தொடை நரம்புலயோ மரத்துப்போக ஊசி போட்டு, நீளமான ஒரு கம்பிய எக்ஸ்ரே திரையில பாத்துக்கிட்டே இதயத்தோட வலது அறைக்குள்ள விடுறாங்க, அதோட நுனியில நண்டுக் கொடுக்கு மாதிரி சின்னதா ஒண்ணு, தெறந்து, நடுச்சுவர்ல ஒரு கிள்ளு கிள்ளிட்டு வெளிய வரும். ஆள் முழிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. அக்கா கிட்ட கேட்டேன், உள்ள யாரோ லேசா சுண்டி இழுத்த மாதிரி இருந்துச்சு, அம்புட்டுத்தான்னாங்க. 1962லயே ஜப்பான்ல சகாகிபரா, கொன்னோன்னு ரெண்டு டாக்டருங்க கண்டுபுடிச்ச முறை, நேத்து வந்த வித்தை இல்ல.

ஆபத்தே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இதயச் சுவர் ஓட்டையாகி சுத்தி ரத்தம் கட்டிக்கலாம், துடிப்பு கெடலாம். கை பழகுன பெரிய இடத்துல பெரிய சிக்கல் நூத்துக்கு ஒண்ணுங்கிற அளவு, அதுக்கும் கீழ கூட. கை பழகாத இடத்துல கூடும், அதனால கண்ட இடத்துல இதப் பண்ண வேண்டியதில்ல, அதுவும் உண்மை.

அதே மாதிரி பயாப்சி சாமி வாக்கும் கிடையாது, இதையும் எழுதணும். 1980கள்ல அமெரிக்காவுல டல்லாஸ்ல கூடி மைக்ராஸ்கோப்ல என்ன தெரிஞ்சா மயோகார்டைட்டிஸ்னு விதி போட்டாங்க. ஆனா அழற்சி இதயம் பூரா ஒரே மாதிரி பரவி இருக்காது, திட்டுத் திட்டா இருக்கும். வீச்சு வலைய ஒரே ஒரு வீச்சு வீசிட்டு இந்தக் கடல்ல மீனே இல்லன்னு சொல்ல முடியுமா? இந்த நோய்ல செத்தவங்க இதயத்த எடுத்து அதே கருவியால கிள்ளிக் கிள்ளி பாத்த ஆய்வுகள்ல, ஒரு துண்டுல நாலுல ஒரு பங்குதான் சிக்கியிருக்கு, அஞ்சு துண்டு எடுத்தா மூணுல ரெண்டு பங்கு, 80 சதவீதத்த தாண்ட 17 துண்டுக்கு மேல வேணும்னு வந்துச்சு. 17 துண்டு உசுரோட இருக்கிற ஆள் கிட்ட எவன் எடுப்பான். அதுலயும் ஒரு கூத்து, என் மருமகனுக்கு வந்த மாதிரி வெளி விளிம்புல பக்கவாட்டுல இருக்கிற திட்ட, உள்பக்கமா நடுச்சுவர்ல கிள்ளுற நண்டுக்கொடுக்கு தொடவே தொடாது. அவனுக்கு பயாப்சி பண்ணியிருந்தா ஒண்ணுமில்லன்னு கூட வந்திருக்கலாம். பயாப்சில ஒண்ணுமில்லன்னு வந்தா நோயே இல்லன்னு அர்த்தம் இல்ல, இத டாக்டர் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்குனார். இப்ப சாயம் போட்டு அழற்சி செல்ல எண்ணிப் பாக்குற முறை, வைரஸ் பிசிஆர்னு சேந்து பழைய காலத்துக்கு பரவாயில்லையாம்.

ஸ்கேனுக்கும் இதே மாதிரி ஓட்டை இருக்கு, உங்க கட்டுரைல அது வரவே இல்ல. முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள எடுத்தா வீக்கம் நல்லாத் தெரியும், நாள் ஆக ஆக நீர் வத்திரும், தழும்புதான் மிச்சம், அது புதுசா பழசான்னு சொல்றது சிரமம். நெஞ்சுவலியோட வந்தவங்களுக்கு புடிச்சுக் கொடுக்குற அளவுக்கு, அக்கா மாதிரி மூச்சுமுட்டு, துடிப்புக் கோளாறோட வர்றவங்களுக்கு புடிச்சுக் கொடுக்காது. துடிப்பு தாறுமாறா இருந்தா படமே கலங்கும், கிட்னி ரொம்ப கெட்டுப் போனவங்களுக்கு கடோலினியம் போட யோசிக்கணும். எங்க ஊருக்கு வாங்களேன், ராமநாதபுரத்துல இருந்தே மதுரைக்கு 110 கிலோமீட்டருக்கு மேல, பாம்பன்ல இருந்து இன்னும் அம்பது கூட்டிக்கோங்க, இதயத்துக்கு எம்ஆர்ஐ எடுத்து அதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு எல்லா ஸ்கேன் சென்டர்லயும் இருக்க மாட்டாங்க. முட்டிவலிக்கு எடுக்குற மிசின்தான அதுலயே எடுங்கன்னு எங்காளுக சண்டை போட்டத நான் பாத்திருக்கேன். காப்பீட்டு அட்டைய தூக்கிக்கிட்டு அலைஞ்ச கதைய இதுல எழுதுனா லெட்டர் முடியாது, விட்டுடுறேன்.

எந்த ஆளுக்கு எதுன்னு ஏற்கெனவே எழுதி வச்சிருக்காங்க அய்யா, அதுதான் எனக்கு ஆதங்கம். 2007லயே அமெரிக்க, ஐரோப்பிய இதய டாக்டர் சங்கங்க சேந்து 14 விதமான நிலைமைய பிரிச்சு, எதுக்கு பயாப்சி கட்டாயம் யோசிக்கணும்னு சொல்லியிருக்காங்க. அதுல மேல இருக்கிறது ரெண்டு. ரெண்டு வாரத்துக்குள்ள திடீர்னு வந்த இதயச் செயலிழப்பு, கூட பிரசர் விழுந்தவங்க. இன்னொண்ணு, ரெண்டு வாரத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள இதயம் பெருத்து, கூட புதுசா துடிப்புக் கோளாறோ ஹார்ட் பிளாக்கோ வந்தவங்க, இல்லன்னா வழக்கமான மருந்துக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல கேக்காதவங்க. அக்காவ பாத்து எழுதுன மாதிரியே இருக்கு. வாட்சப்புல சுத்துன உங்க கட்டத்துல இதுல ஒரு வரி இருந்திருந்தாலும் அந்த மச்சான் முதல் நாளே கையெழுத்து போட்டிருப்பார்.

அக்காவுக்கு ரிப்போர்ட் ஜெயன்ட் செல்லுன்னு வந்துச்சு. அன்னைக்கே மருந்து ஏத்துனாங்க. இப்ப உசுரோட இருக்காங்க, நெஞ்சுல நிரந்தர மிசின் வச்சிருக்கு, பம்பிங் 25ல இருந்து 40க்கு வந்திருக்கு, மாசாமாசம் மதுரைக்குப் போய் ரத்தம் பாத்துட்டு வர்றாங்க. பாசிக்குப் போக முடியாது, திண்ணைல உக்காந்து வலை பின்னுறாங்க. அந்த ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா பம்பிங் 40ங்கிறது 50 ஆகியிருக்குமான்னு மச்சான் என் கிட்ட ஒருக்கா கேட்டார். டாக்டர் கிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டு கணக்கு நோட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

நான் கேக்குறது ஒண்ணுதான். அதே மருத்துவப் பக்கத்துல, அதே அளவு கட்டத்துல, அதே கொட்டை எழுத்துல ஒரு திருத்தம் போடுங்க. ஆள் நிலையா இருந்து, நெஞ்சுவலியோட வந்து, ஆஞ்சியோவுல அடைப்பு இல்லன்னா சீக்கிரமா எம்ஆர்ஐ. ஆள் சரியுது, பிரசர் நிக்கல, பிளாக்கு, மருந்துக்கு கேக்கலன்னா டாக்டர் பயாப்சி கேட்டா மறுக்காதீங்க, அது பழசாப் போன முறை இல்லன்னு. உள்பக்கத்துல எங்கயோ மூலைல பொடி எழுத்துல போட்டு கணக்க முடிக்க வேண்டாம். இந்த லெட்டர என் மக படிச்சு நாலு எடத்துல திருத்தியிருக்கு, உங்களுக்கு சந்தேகம்னா நீங்களும் ஒரு இதய டாக்டர் கிட்ட காட்டிட்டே போடுங்க, எனக்கு சம்மதம்.

சீக்கிரம் போட்டா நல்லது. நேத்து சாயங்காலம் கூட தொண்டி பக்கத்து ஆளு ஒருத்தர் அந்த பழைய கட்டத்தையே எங்க குரூப்புல திரும்ப அனுப்பியிருக்கார், பதினேழு பேரு கும்பிடு போட்டிருக்காங்க.

இப்படிக்கு,
பாம்பன் வாசகன்
(பேர் போட வேண்டாம், அக்கா வீட்டுல சங்கடப்படுவாங்க)